சிறுவாணித் தண்ணீருக்குக் கீழே ஒரு கடல்

நடுப்பகலில் இழுத்த வலையில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அதே வலையை அதே இடத்தில், சூரியன் முங்கிக் கால் மணி நேரம் கழித்து மறுபடி இழுத்தோம். வலையின் நுனியில் கட்டியிருந்த புட்டி கஞ்சி போலக் கெட்டியாக வந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் கஞ்சி முழுக்கப் பொடிப் பொடி உயிர்கள் துள்ளிக்கொண்டிருந்தன. அந்தக் கணத்தில்தான் எனக்கு அது தோன்றியது. பகலை நாமே இரவாக்கிவிட்டால் இவை ஏமாறுமா? நடு மத்தியானத்தில் இருட்டைப் போட்டு மூடினால் மேலே வருமா?

இந்த மார்கழித் தொடக்கத்தில், கோழிக்கோட்டுக்கு மேற்கே கரை கண்ணுக்கு மறைந்து தண்ணீரின் நிறம் மாறும் இடத்தில், ஒரு வள்ளத்தில் உட்கார்ந்திருந்தபோது நடந்தது இது. காலேஜில் என்னோடு படித்த கோழிக்கோட்டு நண்பன்தான் கூட்டிப்போனான். வலை என்றால் மீன் வலை அல்ல. அப்பாவின் பழைய மல் வேட்டியை அக்கா புனல் மாதிரித் தைத்துக் கொடுத்தது. வள்ளக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் வள்ளமே ஆடியது.

அவற்றுக்குப் பெயர் கோப்பிபாட். துடுப்புக்கால் என்று அர்த்தம். இறால், நண்டுக்கெல்லாம் தூரத்துச் சொந்தம். ஆனால் எள்ளில் பாதிதான் இருக்கும். உடம்பு கண்ணாடி. உள்ளே தின்ற பச்சை தெரியும், சேர்த்துவைத்த எண்ணெய்த் துளி தெரியும், நெற்றி நடுவே ஒரே ஒரு சிவப்புக் கண் தெரியும். தலையிலிருந்து இரண்டு பக்கமும் உடம்பை விட நீளமான மீசை. கழைக்கூத்தாடி மூங்கிலைப் பிடித்துக்கொண்டு கயிற்றில் நிற்கிற மாதிரி அந்த மீசையை விரித்துக்கொண்டு தண்ணீரில் நிற்கும். ஏதாவது நெருங்கினால் ஒரே வெட்டு. இருந்த இடத்தில் இருக்காது. முட்டையிலிருந்து வரும் குஞ்சைப் பார்த்தால் தாயோடு ஒரு சம்பந்தமும் இருக்காது. பதினோரு தடவை சட்டை கழற்றித்தான் தாயின் உருவத்துக்கு வந்துசேரும், வழியில் யாரும் தின்றுவிடாமல் இருந்தால். மத்தி மீன் முதல் எல்லாமே இதைத் தின்கின்றன. அதனால்தான் பகலில் கண்ணுக்குத் தப்பி ஆழத்தில் கிடந்து, இருட்டிய பின் மேலே மேய வருகிறது என்று புஸ்தகம் சொல்கிறது. முப்பது ஆள் ஆழம் தினமும் இறங்கி ஏறுவதாக வைத்துக்கொண்டால், அதன் அளவுக்கு அது நாம் தினம் கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சிக்கு நடந்தே போய் நடந்தே திரும்புவது மாதிரி.

இதெல்லாம் பழைய செய்தி. ஆனால் நான் புஸ்தகத்தில் வாசித்த ஒன்று, நான் பிடித்த புட்டியில் துள்ளியது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று.

தாங்க முடியாமல் போனதற்கு வேறு காரணமும் உண்டு. இண்டர்மீடியேட் தேறி ஆறு மாதமாக நான் வீட்டில் சும்மா இருந்தேன். மதராஸில் விலங்கியல் ஆனர்ஸ் படிக்க இடம் கேட்டுக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு கிடைக்க வேண்டுமானால் என் பழைய விலங்கியல் வாத்தியார் ஒரு கடிதம் எழுத வேண்டும். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். வார்த்தையை எடைபோட்டுத்தான் விடுவார்.

"கடிதாசு எழுதறது பெரிசில்லைப்பா. நான் எழுதி அனுப்பின மூணு பேர் பாதியிலே வந்து பாங்கியிலே உக்காந்துட்டா. ஒண்ணு பண்ணு. நீயே பார்த்த ஒண்ணை எனக்குக் கண்ணாலே காட்டு. புஸ்தகத்தை ஒப்பிக்காதே" என்றார்.

அப்பாவோ கெடு வைத்துவிட்டார். எங்களுக்குப் பஞ்சரைக்கும் ஆலை ஒன்று உண்டு, பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிப்பது. "தை பொறந்தா நீ ஆலைக்கு வந்தறோணும். அதுக்குள்ள உங்க வாத்தியாரு காயிதம் எழுதுனா மதராஸுக்குப் போ, நான் குறுக்க நிக்கல. எழுதலீனா பஞ்சுதான். இதுக்கு மேல பேச்சு வேண்டாங் கண்ணு." அப்பா 'கண்ணு' என்று முடித்தால் அந்தப் பேச்சு முடிந்தது.

கடல் தண்ணீரோடு இரண்டு ஊறுகாய்ப் பரணியை ஈரச் சாக்கில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறினேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சாக்கில் தண்ணீர் தெளித்தேன். பாலக்காட்டில் ஏறிய ஒரு பெரியவர் பரணியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஏனுங் தம்பி, மாங்காயிங்களா எலுமிச்சீங்களா?"

"கடல் தண்ணிங்க."

"தண்ணியா? கடல்லயிருந்து தண்ணிய எடுத்துக்கிட்டுக் கோயமுத்தூருக்கா?" அவர் பக்கத்திலிருந்தவரைத் தட்டினார். "கேட்டீங்களா, நம்மூர்க் கெணத்துல இல்லாத உப்பையாம்!"

பெட்டியே சிரித்தது. சிரித்தவர்கள் எல்லோரும் கோயமுத்தூர்க்காரர்கள். அந்தச் சிரிப்புக்குள் ஒரு வயிற்றெரிச்சல் இருந்தது எனக்குத் தெரியும். கிணற்றுத் தண்ணீரைக் குடித்து, பருப்பு வேகாமல், சோப்பு நுரைக்காமல் தலைமுறை தலைமுறையாக இருந்த ஊர். மலையிலிருந்து சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்து சில வருஷம்தான் ஆகிறது. அன்று முதல் எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் காப்பியைக் காட்டிப் பெருமைப்படுவதில்லை. முதலில் ஒரு சொம்பு தண்ணீரைக் கொடுத்துவிட்டு, குடிப்பவர் முகத்தைப் பார்ப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்களின் இந்தப் பெருமை என் தலையில் எப்படி விடியப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

வீடு வந்து சேர்ந்தபோது ஒரு பரணியில் பாதிக்கு மேல் செத்திருந்தன. ஆட்டத்தில் அடிபட்டவை. மிச்சத்தில் நன்றாக நீந்தியவற்றை மட்டும் பிரித்து, வாத்தியார் இரவல் கொடுத்த அளவு ஜாடியில் விட்டேன். ஒன்றரை அடி உயரம், குறுகலான கண்ணாடி. பக்கத்தில் கோடு கோடாக அளவு போட்டிருக்கும். எழுநூறாவது கோடு வரைக்கும் கடல் தண்ணீர். அதை வீட்டில் பஞ்சு மூட்டை போடும் அறையில் வைத்தேன். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியே வெயில் நேராக ஜாடியின் தலையில் இறங்கும். கடலுக்கு எப்படி மேலிருந்து வெளிச்சமோ அப்படி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முதல் ஒத்திகை பார்த்தேன். வெளிச்சம் விழுந்ததும் அவை ஒவ்வொன்றாகக் கீழே போய் அடிப்பாகத்தில் கூடின. பவானி ஜமக்காளம் ஒன்றை நான்காக மடித்து ஜாடியைச் சுற்றி, தலையையும் மூடினேன். முக்கால் மணி நேரம். பிறகு சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச்சை ஒரு மடிப்புக்குள் நுழைத்துப் பார்த்தால், பாதிக்கு மேல் தண்ணீரின் மேற்பரப்பை முட்டிக்கொண்டு நின்றன! ஒரு மத்தியான இரவு. அறைக்குள்ளேயே குதித்தேன். அப்போதே சைக்கிளில் போய் வாத்தியாரைச் சனிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு நான் அறைக்குள் போனபோது ஜாடி விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது. தண்ணீரின் மேல் ஒரு புங்க இலை மிதந்தது.

சமையற்கட்டுக்கு ஓடினேன். அக்கா உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள். கிணத்துக்கடவில் கட்டிக்கொடுத்தவள், பொங்கலுக்காக வந்திருந்தாள்.

"அக்கா, ஜாடிக்குள்ள யாருங்க்கா கைய வெச்சது?"

"நாந்தான் தம்பி. கால்வாசி கொறஞ்சு கெடந்துச்சு. விரல வெச்சு நாக்குல தொட்டுப் பாத்தா, அப்பப்பா, ஒரே உப்பு! நம்மூட்டுக்கு வந்த ஒறம்பரைக்கு உப்புத்தண்ணி குடுக்கறதா? பாவம், அதுகளும் உசுருதானே. தெருக் கொழாயில இப்பத்தான் புடிச்சது, நல்ல சிறுவாணி. ரெண்டு டம்ளர் ஊத்திப்போட்டேன்."

"அக்கா, அதுக உப்புத்தண்ணிலதான் இருக்கோணும்! நல்ல தண்ணி பட்டாச் செத்துப்போகும்!"

அக்காவின் கை ஆட்டுக்கல்லிலேயே நின்றுவிட்டது. "சிறுவாணி குடிச்சாச் சாகுமா?" என்றாள். அவள் குரலில் பயத்தை விட அவமானம்தான் அதிகம். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தாள். "வாத்தியாரு வர்ற நேரமாச்சே. நான் என்ற கையாலயே உன்ற படிப்பக் கெடுத்துப்போட்டனா?"

ஜாடி இருந்த அறைக்குத் திரும்பி ஓடினேன். மேலிருந்து வெள்ளையாக நாலைந்து துகள்கள் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தன. செத்தவை. கோழிக்கோட்டுக்குப் போய்த் திரும்ப இரண்டு நாளாவது வேண்டும். வாத்தியார் வர ஒரு மணி நேரம்தான் இருந்தது. கீழே பார்த்தேன். அடியில் ஒன்று வெட்டித் துள்ளியது. அப்புறம் இன்னொன்று. இன்னும் எத்தனையோ.

செத்திருக்க வேண்டியவை ஏன் துள்ளுகின்றன?

கொல்லையில் பப்பாளித் தண்டு ஒன்றை ஒடித்து வந்தேன். உள்ளே ஓட்டையாக இருக்குமே, அது. மேல் முனையை விரலால் அடைத்து, மிகவும் மெதுவாக ஜாடியின் பாதி வரை இறக்கி, விரலை எடுத்து மூடி, வெளியே எடுத்து நாக்கில் விட்டேன். உப்பு. சுத்தமான கடல் உப்பு. மேலே தொட்டு நக்கினேன். சிறுவாணி. கண்ணை ஜாடியோடு ஒட்டிவைத்துப் பார்த்தபோது, எழுநூறாவது கோட்டருகே தண்ணீருக்குள் தண்ணீர் நடுங்குவது மாதிரி ஒரு மெல்லிய கோடு தெரிந்தது.

நல்ல தண்ணீர் லேசானது, உப்புத் தண்ணீர் கனமானது. கலக்காமல் ஊற்றினால் மேலேயே படுத்திருக்கும். இது பள்ளிக்கூடப் பாடம். ஆனால் அக்கா எப்படிக் கலக்காமல் ஊற்றினாள்? அந்த இலை! தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக் குடத்தைத் தூக்கும்போது, அலம்பிச் சிந்தாமல் இருக்க நம் பெண்கள் ஓர் இலையைக் கிள்ளிப் போடுவார்களே, அந்த இலை. அதையே ஜாடியில் மிதக்கவிட்டு, அதன் மேல் இழை போல ஊற்றியிருக்கிறாள், 'பயந்துக்கப் போகுது' என்று. பகலாயிருந்ததால் பெரும்பாலானவை அடியில் பதுங்கியிருந்தன. தப்பித்தன.

தப்பித்தது அந்த நிமிஷத்துக்குத்தான். யாராவது ஜாடியை ஆட்டினால் இரண்டு தண்ணீரும் கலந்துவிடும். கலந்தால் எல்லாம் போச்சு. அறைக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். மில் சங்கு ஊதினால்கூட எனக்கு ஜாடி அதிர்கிற மாதிரி இருந்தது.

வாத்தியார் பத்துக்குச் சரியாக வந்தார். வந்தவரை அப்பா விட்டால்தானே!

"வாங் சார், வாங். மொதல்ல தண்ணி குடிங்." சொம்பு வந்தது. அப்பா முகத்தைப் பார்த்தார். "சிறுவாணிங் சார்."

"பிரமாதம்" என்றார் வாத்தியார்.

அப்பாவுக்கு அது போதும். சந்தகை வந்தது, தேங்காய்ப்பால் வந்தது, காப்பி வந்தது. "இன்னொரு ரெண்டு வையுங்", "ஒண்ணே ஒண்ணுங் சார்" என்று போய்க்கொண்டே இருந்தது. நான் கதவோரத்திலிருந்து கை காட்டினேன். அப்பா பார்க்கவே இல்லை. வாத்தியார் கைகழுவி முடித்ததும் அப்பா எழுந்து என் பக்கம் வந்தார்.

"ஏன்டா, சாரை இந்த மூட்டை ரூமுல நிக்கவெக்கறதா? மரியாதையா இருக்குமா? முன்கூடத்துல நாற்காலி கெடக்குதல்ல. ஜாடியத் தூக்கிட்டு ஆசாரத்துக்கு வா" என்றவர், நான் நகராததைக் கண்டு தானே உள்ளே நுழைந்து இரண்டு கையாலும் ஜாடியின் இடுப்பைப் பிடித்தார்.

"அப்பா, தொடாதீங்க!"

அப்பாவிடம் நான் அந்தக் குரலில் பேசியதே இல்லை. அவர் கை அப்படியே நின்றது. தண்ணீருக்குள் இருந்த கோடு ஒரு தடவை அலைந்து, பிறகு அடங்கியது. அப்பா கையை எடுத்தார். மெதுவாக, ஒவ்வொரு விரலாக எடுத்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

"இருக்கட்டுங்க" என்றார் வாத்தியார், பின்னாலிருந்து. "நான் நின்னே பார்க்கறேன்."

வெளிச்சத்தில் அவை அடியில் கிடப்பதை அவர் லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டார். ஜமக்காளத்தைச் சுற்றினேன். ஜாடியில் கை படாமல் சுற்றியதில் இரண்டு தடவை மடிப்பு நழுவியது. வாத்தியார் கடிகாரத்தை எடுத்து மூட்டை மேல் வைத்தார். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அந்த முக்கால் மணியும் ஒரே யோசனைதான் எனக்கு. இவை மேலே வந்தால் நல்ல தண்ணீரில் தலையை நீட்டிச் சாகும். வராவிட்டால் நான் சொன்னது பொய்யாகும். எது நடந்தாலும் நான் பஞ்சாலைக்குத்தான்.

மடிப்பைத் தூக்கிச் சிவப்பு வெளிச்சத்தைக் காட்டினேன்.

அவை மேலே வந்திருந்தன. ஆனால் மேற்பரப்புக்கு அல்ல. எழுநூறாவது கோட்டுக்கு ஒரு விரல்கடை கீழே, ஏதோ கண்ணாடிக் கூரை போட்டு நிறுத்திய மாதிரி, வரிசையாக நின்றன. ஒன்று துள்ளி அந்தக் கூரையை முட்டும். உடனே வெட்டிக் கீழே வரும். மறுபடி போகும், மறுபடி வரும். கூரைக்கு மேலே ஒன்றுகூட இல்லை.

வாத்தியார் வெகு நேரம் பார்த்தார். "நேத்து மேல்மட்டம் வரைக்கும் வந்துதுன்னியே? இன்னிக்கு ஏன் அங்கேயே நிக்கறது?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ரயிலில் அடிபட்ட களைப்பு என்று சொல்லியிருந்தால் நம்பியும் இருப்பார். வாய் வரை வந்தது. ஆனால் கதவுக்குப் பின்னால் அக்காவின் வளையல் சத்தம் கேட்டது. அவள் அங்கேயேதான் நின்றிருக்கிறாள்.

"எங்க அக்கா மேல சிறுவாணித் தண்ணி ஊத்திட்டாங்க சார். தெரியாம. கீழதான் கடல் தண்ணி" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "எப்படி ஊத்தினா? கலக்கலையா? கூப்பிடு அவங்களை."

அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள். "தப்புத்தானுங் சார். தம்பி மேல ஒண்ணுமில்லீங்" என்று ஆரம்பித்தவளை அவர் கை காட்டி நிறுத்தினார். இன்னொரு கண்ணாடி டம்ளரில் பரணியில் மிஞ்சியிருந்த கடல் தண்ணீரைப் பாதி ஊற்றச் சொன்னார். சொம்பில் சிறுவாணி. அதில் கொஞ்சம் மஞ்சளைக் கரைத்தார். "நீங்க ஊத்தின மாதிரியே ஊத்துங்கோ" என்றார்.

அக்கா புங்க இலையைக் கிள்ளி மிதக்கவிட்டாள். ஊற்றினாள். மஞ்சள் மேலே படுத்தது, கத்தியால் அறுத்த மாதிரி.

வாத்தியார் என் பக்கம் திரும்பினார். "நீ காட்ட நினைச்சது எனக்கு முன்னாடியே தெரியும்ப்பா. உங்க அக்கா காட்டினதுதான் தெரியாது."

நான் கடிதத்தைக் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "ஒரு தடவை நடந்தா அது தற்செயல். ரெண்டு ஜாடி வை. ஒண்ணிலே நல்ல தண்ணி ஊத்து. இன்னொண்ணிலே அதே மாதிரி இலை போட்டுக் கடல் தண்ணியையே ஊத்து. முதல்லே நிக்கணும், ரெண்டாவதிலே மேலே வரணும். அதைக் காட்டு. அன்னிக்கே எழுதறேன்."

அப்பா அதுவரை குனிந்து ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். "ஏனுங் சார்" என்றார், "கடல்ல மழை பெஞ்சா இதுக என்ன பண்ணுமுங்க?"

வாத்தியார் மறுபடி லென்ஸை ஜாடியருகே கொண்டுபோனார். "தெரியலையே" என்றார். மழையைப் பற்றிக் கேட்டு ஒருவர் தெரியாது என்று சொன்னால் அப்பாவுக்கு எப்போதுமே பொறுக்காது. அன்று மாலை என்னைக் கூப்பிட்டார். "பொங்கலு முடியறமுட்டும் உனக்கு டைம். ஆனா எங்கிட்ட இன்னொருக்கா அப்படிக் கத்தாதே" என்றார். சற்று நிறுத்தி, "கண்ணு" என்றார்.

அன்று ஜாடியிலிருந்தவை மறுநாள் காலைக்குள் செத்துப்போயின. கூரை கரைந்துவிட்டது போலிருக்கிறது. அடியில் வெள்ளைத் தூசி. நான் அதைக் கொட்டாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன்.

அப்புறம் தினமும் பழகிப் பார்த்தேன். உப்புக் கரைத்த தண்ணீர், மஞ்சள் தண்ணீர், புங்க இலை. ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. என் கை ஊற்றினால் மஞ்சள் அடி வரை புகைந்து இறங்குகிறது. அக்கா பக்கத்தில் நின்று சிரிக்கிறாள். "தண்ணிக்கு வலிக்காம ஊத்தோணுந் தம்பி. நீ ஊத்தறது மாட்டுக்குத் தொட்டி ரொப்பற மாதிரி இருக்குது." ஆனால் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் மாமா வண்டி கட்டிக்கொண்டு வந்துவிடுவார், அவள் கிணத்துக்கடவுக்குப் போய்விடுவாள். அதற்குள் கடல் இங்கே வந்தாக வேண்டும்.

நாளைக் காலை வண்டியில் போகிறேன். நான்கு பரணி. இந்த முறை ஒவ்வொன்றிலும், ரயில் ஆட்டத்தில் அலம்பாமல் இருக்க, ஓர் இலை மிதக்கும். நண்பனுக்குத் தந்தி போயிற்று. வாத்தியார் இரண்டாவது அளவு ஜாடியும் கொடுத்துவிட்டார். போகிப் பண்டிகை அன்று மத்தியானம், கண்ணாடி ஓட்டுக்குக் கீழே இரண்டு ஜாடி, இரண்டு ஜமக்காளம்; ஊற்றுவது அக்கா. அது சரியாக வந்தால், அன்று சாயங்காலமே மூன்றாவது ஒன்று பார்த்துவிட வேண்டும். ஒரு சல்லடையை ஜாடிக்கு மேலே பிடித்து, சிறுவாணியை மழையாகப் பெய்யவிட்டுப் பார்க்க வேண்டும். சல்லடையைத் தானே பிடிப்பதாக அப்பா சொல்லியிருக்கிறார்.